மலை தாண்டி வரும் வெயில்: ஓமலூர் விடியலும் கேமராத் தூசியும்

ஓமலூரில் சூரியன் காலண்டரில் ஒரு நேரத்துக்கு உதிக்கிறது, கண்ணுக்கு வேறொரு நேரத்துக்குத் தெரிகிறது. காலண்டர் தாளில் போட்டிருக்கும் உதய நேரம், தடையே இல்லாத தொடுவானத்துக்குக் கணக்கிட்டது. மெரினாவில் நிற்பவருக்கு அது சரி. நமக்குக் கிழக்கே சேர்வராயன் மலை குறுக்கே நிற்கிறது. ஊர் இருப்பது கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில். மலையின் உச்சியோ 1,600 மீட்டரை ஒட்டி இருக்கிறது. இடையில் உள்ள தூரம் பதினைந்து, இருபது கிலோமீட்டர்தான். அதனால் மலைமுகடு தொடுவானத்துக்கு மேல் ஏறக்குறைய 4 டிகிரி எழுந்து நிற்கிறது. நம் அட்சரேகையில் சூரியன் ஒரு டிகிரி ஏற நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆகவே மலைக்கு நேர் பின்னால் சூரியன் எழும் மாதங்களில், காலண்டர் நேரம் தாண்டிப் பதினைந்து முதல் இருபது நிமிடம் கழித்துத்தான் முதல் கதிர் ஓமலூர் வயலில் விழும். காலண்டர் சென்னைக்குக் கணக்கிட்டது என்றால் இன்னும் 9 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். நாம் அவ்வளவு மேற்கே இருக்கிறோம்.

இதை நம்பி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, கையாலேயே அளந்து பார்க்கலாம். கையை முழுதாக நீட்டி, நடு மூன்று விரல்களைச் சேர்த்துக் கிடையாகப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 5 டிகிரி. சுண்டுவிரல் மட்டும் என்றால் 1 டிகிரி. பகலில் ஒருமுறை நீங்கள் நிற்கப்போகும் இடத்துக்குப் போய், மலையடிவாரத்திலிருந்து முகடு வரை எத்தனை விரல் என்று பாருங்கள். ஒரு சுண்டுவிரலுக்கு நான்கு நிமிடம். டேனிஷ்பேட்டைப் பக்கம் மலையை நெருங்கி நின்றால் விரல் கணக்கு கூடும், சூரியன் இன்னும் தாமதிக்கும். தாரமங்கலம் பக்கம் தள்ளிப் போனால் குறையும். சாதாரண வானிலைச் செயலி இவ்வளவு துல்லியமாக உங்கள் ஏரிக்கரைக்கு நேரம் சொல்லாது.

இந்தத் தாமதத்தை இழப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது இந்தச் சமவெளிக்கே உரிய செல்வமாகப் படுகிறது. வானம் வெளுத்து, மேகங்களின் அடிப்பக்கம் சிவந்து, மலை மட்டும் கருநீலத் திட்டாக நிற்கும் அந்த இடைநேரத்தில் சூரியன் உதித்துவிட்டிருக்கும், ஆனால் நம் கண்ணைக் கூசாது. கேமராவுக்கும் அதுதான் எளிதான நேரம். வானத்துக்கும் தரைக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைவு என்பதால் ஒரே படத்தில் இரண்டையும் பிடிக்க முடியும்.

ஆண்டு முழுக்க இதே நிலை இல்லை. ஓமலூரின் அட்சரேகை 11.7 டிகிரி வடக்கு. இங்கே சூரியன் உதிக்கும் புள்ளி, ஜூன் கடைசியில் நேர்கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளியும், டிசம்பர் கடைசியில் அதே 24 டிகிரி தெற்கே தள்ளியும் இருக்கும். மார்ச் 20, செப்டம்பர் 22 அல்லது 23-ஐ ஒட்டி நேர்கிழக்கு. மலை, ஓமலூரிலிருந்து பார்க்க, கிழக்கிலும் வடகிழக்கிலும் பரந்து கிடக்கிறது. ஆக, பங்குனியிலிருந்து புரட்டாசி வரை சூரியன் மலை முதுகுக்குப் பின்னாலிருந்து ஏறி வருகிறது. ஐப்பசியில் மெல்லத் தெற்கே நகர்ந்து, மார்கழி, தையில் மலையின் தோளை விட்டு விலகிக் கருப்பூர், சேலம் நகரத் திசையில் எழுகிறது. அங்கே தடுப்பது சிறு கரடுகள் மட்டுமே.

இதிலிருந்து ஒரு முடிவு தானாக வருகிறது. செக்கச்செவேலென்ற முழு வட்டச் சூரியன் வேண்டுமானால் மார்கழி, தை, மாசிதான் காலம். கோடையில் மலையைத் தாண்டி வரும்போதே அது 4 டிகிரி ஏறியிருக்கும். சிவப்பு போய் வெண்மஞ்சள் தீயாகிவிடும். கன்னியாகுமரிப் படம் மாதிரி வேண்டுமென்று சித்திரையில் ஓமலூரில் நின்றால் ஏமாற்றம்தான். கோடையில் எடுக்க வேண்டியது வேறு படம்: சூரியன் வருமுன் முகட்டின் கோட்டுருவம், பிறகு அது முகட்டைத் தொடும் நொடியில் பள்ளங்களின் வழியே விசிறியாக விரியும் கதிர்கள்.

உதய நேரமும் நகரும். மே கடைசியில் 5.53 மணியை ஒட்டியும், ஜனவரி மூன்றாம் வாரத்தில் 6.43-ஐ ஒட்டியும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே முழுதாக 50 நிமிடம். எந்த மாதமானாலும் உதயத்துக்கு 40 நிமிடம் முன்பே இடத்தில் ட்ரைபாட் நிற்க வேண்டும். நல்ல நிறம் பெரும்பாலும் உதயத்துக்கு 25 நிமிடம் முன்னால் வந்து, ஐந்து நிமிடத்தில் கரைந்துவிடும்.

எங்கே நிற்பது

இந்த வட்டாரத்தில் விடியலுக்கு ஏற்ற இடம் ஏரிக்கரைகளே. கரையின் மேற்கு ஓரத்தில் நின்றால் தண்ணீர் முன்னே, மலை பின்னே, வானம் இரண்டிலும். டேனிஷ்பேட்டை ஏரியில் மலை மிக அருகே என்பதால் பிம்பம் கனமாக விழும். ஆண்டில் பாதிக்கு மேல் பல ஏரிகள் வறண்டே கிடந்த பகுதி இது. மேட்டூர் அணையின் உபரி நீரைத் திப்பம்பட்டியில் இறைத்து, எம். காளிப்பட்டி ஏரி வழியாகச் சரபங்கா வடிநிலத்தின் 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் 2021-இல் தொடங்கப்பட்டது. உபரி வருகிற ஆண்டில்தான் இந்த வழியாகத் தண்ணீர் வரும். ஆகவே கிளம்புவதற்கு முந்தைய நாள் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் ஏரியில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது. வறண்ட ஏரியும் வீணில்லை. வெடித்த களிமண் மேல் பக்கவாட்டு வெளிச்சம் விழும் பத்து நிமிடம் அற்புதமானது. அதற்கு லென்ஸைத் தரையோடு தாழ்த்த வேண்டும், தூசி பற்றிய கவலையும் அங்கேதான் தொடங்குகிறது.

தெற்கே திரும்பினால் கஞ்சமலை. அது ஓமலூருக்கு ஏறக்குறைய நேர்தெற்கில் இருப்பதால் காலை வெயில் அதன் பக்கவாட்டில் விழுந்து, ஒவ்வொரு மடிப்பையும் தனித்தனியே காட்டும். எல்லோரும் கிழக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேற்கையும் ஒருமுறை பாருங்கள். உதயத்துக்குச் சற்று முன், மேட்டூர்ப் பக்க வானத்தின் அடியில் நீலச்சாம்பல் பட்டை ஒன்றும் அதன் மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்றும் தெரியும். கீழே உள்ளது பூமியின் நிழல். தெளிந்த கார்த்திகைக் காலையில் அது கண்ணுக்கு நன்றாகப் பிடிபடும்.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் மேற்கு நோக்கியது. விடியலில் முன்வாசலில் நின்றால் ராஜகோபுரம் இருண்ட உருவமாகத்தான் வரும். சிற்பங்கள் தெரிய வேண்டுமானால் மாலையில் போங்கள். கோட்டுருவம் போதுமென்றால் காலை சரி.

கரும்பு ஆலை ஓடும் மாதங்களில் வயல்களுக்கு நடுவே வெல்லக் கொட்டகைகளிலிருந்து புகை எழும்பி, காற்றில்லாத காலையில் மரத்தலை உயரத்திலேயே படலமாக நிற்கும். அந்தப் படலத்தில் கதிர் விழுவது போன்ற காட்சி இந்த வட்டாரத்தில் வேறில்லை என்பேன். உள்ளே போகுமுன், “ஏனுங்க அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கொதிக்கும் கொப்பரைப் பக்கம் ட்ரைபாட் காலை விரிப்பது அவர்களுக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து.

ரயிலும் மலையும் சேர்ந்த படத்துக்காக ஓமலூர் ஜங்ஷனைத் தாண்டித் தண்டவாளத்தில் இறங்குபவர்கள் இருக்கிறார்கள். ரயில்வே சட்டம் 1989-இன் 147-ஆவது பிரிவின்படி அது குற்றம், அதைவிட உயிர்ப்பிரச்சினை. வேலிக்கு வெளியே இருந்து நீள லென்ஸில் எடுங்கள். ட்ரோன் வைத்திருப்பவர்கள் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருப்பதை மறக்கக்கூடாது. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடம் எந்த வண்ண மண்டலத்தில் வருகிறது என்று பார்க்காமல் பறக்கவிடாதீர்கள்.

அமைப்புகள், சுருக்கமாக

ஐஎஸ்ஓ 100. அப்பெர்ச்சர் எஃப் 8 அல்லது எஃப் 11. ஷட்டர் வேகத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கட்டும். எக்ஸ்போஷரை மட்டும் ஒரு ஸ்டாப் குறைத்து வையுங்கள். வெளிச்சம் குறைந்த வேளையில் ஷட்டர் ஒரு நொடி வரை போகும், அதனால் ட்ரைபாட்டும் இரண்டு நொடி டைமரும் வேண்டும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடவே விடாதீர்கள். காலைச் சிவப்பை ஒரு குறை என்று எண்ணி அது சரிசெய்துவிடும். டேலைட்டில் வையுங்கள். ரா ஃபைலாக எடுத்தால் பிறகும் மாற்றிக்கொள்ளலாம். ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் சுவரில் முட்டி நிற்கக்கூடாது; சூரிய வட்டம் மட்டும் வெளுத்துப்போவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம்.

சூரிய வட்டம் பெரிதாக வேண்டுமென்றால் கணக்கு எளிது. லென்ஸின் குவியத் தொலைவை 110-ஆல் வகுத்தால், சென்சார் மேல் சூரியன் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் அரை மில்லிமீட்டரும் தேறாது. 400 மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூன்றரை. முழு அளவு சென்சாரின் உயரமான 24 மில்லிமீட்டரோடு இதை ஒப்பிட்டால், அகலக் கோண லென்ஸ் உள்ள மொபைலில் சூரியன் ஏன் பொட்டாக வருகிறது என்பதும் விளங்கிவிடும்.

கண்ணைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நீள லென்ஸ் மாட்டிய எஸ்எல்ஆர் கேமராவின் கண்ணாடி வ்யூஃபைண்டர் வழியே, ஏறிவிட்ட சூரியனைப் பார்க்கவே கூடாது. லென்ஸ் அந்த வெப்பத்தை நேராக விழித்திரைக்குக் கொண்டுபோகும். பின்திரையில் பார்த்து எடுங்கள், எடுத்ததும் லென்ஸ் மூடியைப் போடுங்கள். மிரர்லெஸ் கேமராவில் கண்ணுக்கு ஆபத்தில்லை. ஆனால் ட்ரைபாட்டில் சூரியனை நோக்கியபடி நெடுநேரம் விட்டுவைத்தால் சென்சாரும் ஷட்டர் திரையும் கெட்டுப்போகலாம்.

தூசி ஏன் விடியலில் மட்டும் தெரிகிறது

கேமராவைச் சுத்தமாக வைப்பதைத் தனி அத்தியாயமாக்காமல் இங்கேயே சேர்த்ததற்குக் காரணம் உண்டு. கல்யாண மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் ஆண்டுக்கணக்கில் குறை சொல்லாமல் ஓடிய கேமரா, முதல் சூரியோதயப் படத்திலேயே அழுக்கைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்குக் காரணங்கள் இரண்டு, தூசி இருக்குமிடமும் இரண்டு. முதலாவது லென்ஸின் முன்கண்ணாடி. வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது அதில் படிந்த தூசியும் விரல்ரேகையும் இருப்பதே தெரியாது. சூரியன் நேரே லென்ஸுக்குள் அடிக்கும்போது ஒவ்வொரு துகளும் ஒளியைச் சிதறவிட்டு, படம் முழுக்கப் பால் கலந்தாற்போல் வெளிறும், அல்லது வட்ட வட்டமாகப் புள்ளிகள் மின்னும். விலை மலிந்த யூவி ஃபில்டர் முன்னால் மாட்டியிருந்தால் இது இரட்டிப்பாகும். சூரியனின் பொய்ப்பிம்பம் ஒன்று படத்தின் எதிர்மூலையில் வந்து உட்காரும். விடியலுக்கு ஃபில்டரைக் கழற்றிவிடுவதே என் வழக்கம்.

இரண்டாவது இடம் சென்சார். அதில் ஒட்டிய துகள், அகலத் திறந்த எஃப் 2.8-இல் மங்கிய நிழலாகிக் கரைந்துவிடும். எஃப் 16-க்குச் சுருக்கினால் ஒளிக்கற்றை ஒடுங்கி, அதே துகளின் நிழல் கூர்மையாக விழும். சூரியனைச் சுற்றி நட்சத்திரக் கதிர் வேண்டுமென்று நாம் எஃப் 16-க்குப் போவோம். பின்னணியோ வெறும் வானம். மரமும் கூட்டமும் இருந்தால் மறையும் புள்ளி அங்கே சாம்பல் நிறக் கறையாக நிற்கும். ஆகவே தூசியைக் காட்டுவதற்கென்றே அமைந்த சோதனை போன்றது சூரியோதயம்.

வானத்தைப் படமாக்கும் சிக்கல் பழையது. 1858-இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற கேப்டன், மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக, அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்த ராயக்கோட்டையையும் வேறு இடங்களையும் படமெடுத்துத் தொகுதியாக வெளியிட்டார். அவர் கையாண்டது மெழுகேற்றிய காகித நெகட்டிவ். அந்தக்கால ரசாயனம் நீல ஒளிக்கு மட்டுமே கூர்மையாக வேலை செய்ததால் வானம் வெற்று வெள்ளையாகவே வரும். அவர் நெகட்டிவின் மேல் கையால் நிறமிட்டு மேகங்களை உண்டாக்கினார். இன்று நமக்கு மேகத்தை வரைய வேண்டிய தேவை இல்லை, இருக்கும் வானத்தில் கறை விழாமல் பார்த்தால் போதும்.

நம் ஊர்த் தூசி எப்படிப்பட்டது

எல்லா ஊர்த் தூசியும் ஒன்றல்ல. ஓமலூருக்கும் சேலத்துக்கும் நடுவே, கருப்பூரை ஒட்டி மேக்னசைட் சுரங்க மேடுகள் இருக்கின்றன. அங்கே காற்றில் பறக்கும் வெள்ளைப்பொடியைப் பார்த்துப் பயப்படுபவர்கள் அதிகம். உண்மையில் மேக்னசைட் மென்மையானது. மோஸ் கடினத்தன்மை அளவில் 3.5 முதல் 4.5. லென்ஸ் கண்ணாடி 5.5-ஐ ஒட்டி இருக்கும். பயப்பட வேண்டியது அந்த வெள்ளை நரம்புகள் ஓடும் தாய்ப்பாறையைத்தான். டியூனைட் என்னும் அந்தப் பாறையின் பெரும்பகுதி ஆலிவின். அதன் கடினத்தன்மை 6.5 முதல் 7. தேசிய நெடுஞ்சாலை 44-இல் லாரிகள் கிளப்பும் சாலைத் தூசியிலும், நம் வயல் மண்ணிலும் இருக்கும் குவார்ட்ஸ் மணலின் கடினத்தன்மை 7. இரண்டுமே கண்ணாடியைக் கீறும். லென்ஸ் மேல் பூசியிருக்கும் பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சோ மிக மெல்லியது.

அதனால்தான் சட்டை நுனியாலும் துண்டாலும் லென்ஸைத் துடைக்கும் பழக்கம் இந்தப் பகுதியில் மற்ற ஊர்களைவிடக் கேடானது. துணி எவ்வளவு மென்மையானதாக இருந்தாலும் துகள் மென்மையானதல்ல. துடைக்கும்போது கண்ணாடியின் மேல் அந்தத் துகளை வைத்து உரசுகிறோம்.

வெல்லக் கொட்டகைப் பக்கம் போய்வந்தால் கதை வேறு. அங்கே வரும் கரியும் பாகின் ஆவியும் பிசுபிசுப்பானவை, ஊதினால் போகாது. போகி காலையின் புகையும் அப்படித்தான். அந்த நாட்களில் கேமராவைப் பையிலிருந்து எடுக்கும் நேரத்தைக் குறைத்து, அங்கே நிற்கும்வரை லென்ஸ் மாற்றாமல் இருப்பதுதான் சரி.

லென்ஸைச் சுத்தம் செய்வது

முதலில் காற்று. கையால் அமுக்கும் ரப்பர் ப்ளோயர் ஒன்று வாங்குங்கள். லென்ஸைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்து ஊதினால் தூசி தரையில் விழும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி போகும். கம்ப்யூட்டர் கடையில் விற்கும் காற்று டப்பாவும் வேண்டாம். சாய்த்துப் பிடித்தால் உள்ளிருக்கும் திரவம் குளிர்ந்தபடியே கண்ணாடியில் பீய்ச்சும். பெட்ரோல் பங்க் காற்றுக்குழாயைக் கேமராவில் காட்டவே கூடாது. அதில் எண்ணெயும் ஈரமும் கலந்திருக்கும், விசையும் அதிகம்.

ஊதியும் போகாத துகளுக்கு மெல்லிய முடியுள்ள லென்ஸ் பிரஷ். அதன் முடியை விரலால் தொடாதீர்கள். தோலின் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான நாட்களில் இந்த இரண்டோடு வேலை முடிந்துவிடும். கண்ணாடியில் நாலைந்து துகள் இருப்பதால் படம் கெடாது. தினமும் துடைக்கும் லென்ஸைவிட, மாதத்துக்கு ஒருமுறை சரியாகத் துடைக்கும் லென்ஸ் நீண்ட நாள் வாழும்.

விரல்ரேகையோ கரியோ படிந்திருந்தால் மட்டும் திரவம். லென்ஸ் திரவத்தை மைக்ரோஃபைபர் துணியில் ஒரு சொட்டு விடுங்கள். லென்ஸ் மேல் நேரே விட்டால் விளிம்பு வழியே உள்ளே இறங்கும். நடுவிலிருந்து தொடங்கிச் சுழன்றபடி வெளியே வாருங்கள், அழுத்தம் வேண்டாம். அந்தத் துணியைத் தனியாக ஜிப் கவரில் வையுங்கள். துவைக்கும்போது துணி மென்மைத் திரவம் சேர்க்காதீர்கள். அதன் பிசுக்கு கண்ணாடியில் கோடு போடும்.

லென்ஸின் பின்கண்ணாடியையும், இரண்டு மூடிகளின் உட்பக்கத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். சென்சாருக்குப் போகும் தூசி அந்த மூடிகளிலிருந்தும் வருகிறது. பையையும் மாதம் ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்து உதறி, வேக்குவம் கிளீனர் இருந்தால் உறிஞ்சிவிடுங்கள்.

சென்சார்

சென்சாரைத் தொடுவதற்கு முன், தொட வேண்டிய தேவை இருக்கிறதா என்று பாருங்கள். மேகமில்லாத வானத்தையோ வெள்ளைச் சுவரையோ நோக்கி, ஐஎஸ்ஓ 100, எஃப் 16, கையால் ஃபோகஸைக் கலைத்து ஒரு படம் எடுங்கள். ஷட்டர் திறந்திருக்கும்போது கேமராவைச் சற்று அசையுங்கள். சுவரின் கறைகள் கலைந்துபோகும், சென்சார் தூசி மட்டும் அசையாமல் புள்ளியாக நிற்கும். படத்தைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு, மூன்று மங்கிய புள்ளி என்றால் விட்டுவிடுங்கள். கணினியில் ஒரு நிமிட வேலை.

அதிகம் இருந்தால், முதலில் கேமரா மெனுவிலுள்ள தானியங்கிச் சுத்தத்தை நாலைந்து முறை ஓட்டுங்கள். சென்சாருக்கு முன்னாலுள்ள கண்ணாடியை மிக வேகமாக அதிரவைத்துத் தூசியை உதிர்க்கும் இந்த ஏற்பாட்டை 2003-இல் ஒலிம்பஸ் இ-1 கொண்டுவந்தது. இன்று லென்ஸ் மாற்றும் கேமராக்களில் பரவலாக இருக்கிறது. காய்ந்த துகள் இதிலேயே போய்விடும்.

போகவில்லை என்றால் ப்ளோயர். பேட்டரி முழுதாக ஏறியிருக்க வேண்டும், நடுவில் தீர்ந்தால் எஸ்எல்ஆரின் கண்ணாடி மடிந்து விழும். எஸ்எல்ஆர் என்றால் மெனுவில் கையால் சுத்தம் செய்யும் பகுதிக்குப் போய்க் கண்ணாடியைத் தூக்கி நிறுத்துங்கள். மிரர்லெஸ் கேமராக்களில் சிலவற்றில், அணைத்ததும் ஷட்டர் திரை சென்சாரை மூடிக்கொள்ளும். அந்தத் திரை சென்சாரைவிட மென்மையானது, தொடவோ நேரே ஊதவோ கூடாது, திறந்துவைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, ப்ளோயர் நுனியை உள்ளே விடாமல் வாசலில் வைத்து ஊதுங்கள். இதைக் குளியலறையில் செய்வது நல்லது. சுவரில் தண்ணீர் தெளித்துச் சற்று நேரம் விட்டால் காற்றிலிருக்கும் தூசி அடங்கியிருக்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

எண்ணெய்க் கறைக்கும் ஒட்டிய மகரந்தத்துக்கும் ஈரத் துடைப்பான் தேவை. அதன் அகலம் சென்சாரின் உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 16 மில்லிமீட்டர், முழு அளவு சென்சாருக்கு 24 மில்லிமீட்டர். உரையைப் பிரித்த கையோடு பயன்படுத்துங்கள். திரவம் இரண்டு சொட்டு போதும். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நிறுத்தாமல் ஒரே இழுப்பு, பிறகு துடைப்பானைத் திருப்பி மறுபக்கத்தால் எதிர்த்திசையில் ஒரே இழுப்பு. அதோடு அந்தத் துடைப்பான் குப்பைக்கு. காசைப் பார்த்து இரண்டாம் முறை அதையே இழுத்தால் முதல் முறை எடுத்த துகளே கீறும். புள்ளி எங்கே என்று தேடும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: படத்தின் மேல் இடதில் தெரியும் புள்ளி, கேமராவின் வாயை நோக்கி நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது சென்சாரின் கீழ் இடதில் இருக்கும். உடலிலேயே அதிர்வுத்தடுப்பு உள்ள கேமராவில் சென்சார் மிதந்தபடி இருக்கும். அழுத்தினால் நிலை குலையும். அந்த வகை வைத்திருந்து, கை நடுங்குபவரானால் சர்வீஸ் சென்டருக்கே கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவு வேலையையும் பெருமளவு தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. வயல்வெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள். விடியலுக்குப் போகுமுன் வீட்டிலேயே எந்த லென்ஸ் என்று முடிவுசெய்து மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் கேமராவை அணைத்து, காற்றுக்கு முதுகு காட்டி, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, மாட்ட வேண்டிய லென்ஸை முன்பே கையில் வைத்துக்கொண்டு மாற்றுங்கள். ஆடி மாதக் காற்றில் அதையும் செய்யாதீர்கள்.

பனி, ஏசி, பூஞ்சை

மார்கழிப் பனியில் நிற்கும்போது லென்ஸ் மேல் முத்து முத்தாக ஈரம் கோக்கும். துடைத்துக்கொண்டே இருப்பதைவிட லென்ஸ் ஹூட் மாட்டி, படம் எடுக்காத நேரங்களில் மூடி போட்டு வைப்பது பலன் தரும்.

கோடையில் வேறொரு தொல்லை. ஏசி அறையில் இரவெல்லாம் இருந்த கேமராவை ஐந்து மணிக்கு வெளியே எடுத்தால், வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து, நிறம் வரும் நேரம் முழுக்க மங்கலாகவே போய்விடும். முந்தின இரவே ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள். ஏற்காட்டில் குளிர்ந்த காலையில் படமெடுத்துவிட்டு மலைப்பாதையில் சேலம் இறங்குபவர்களுக்கும் இதேதான். மேலேயே கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடி, கீழே வந்து அரைமணி நேரம் கழித்துப் பிரியுங்கள். ஈரம் கவரின் வெளிப்பக்கத்தில் படியும், கேமராவில் படியாது.

ஈரத்தோடு பையில் போட்டுப் பீரோவில் பூட்டினால் பூஞ்சை. கண்ணாடிக்குள் சிலந்தி நூல் போலப் படரும் அது பூச்சை அரித்துவிட்டால் மீட்க முடியாது. மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, உள்ளே ஒரு சிறு ஈரமானியையும் போடுங்கள். முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்க வேண்டும். அதற்கும் கீழே போனால் ரப்பர் பாகங்கள் காயும். ஜெல்லின் நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து ஈரத்தைப் போக்கித் திரும்பப் பயன்படுத்தலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். பாச்சை உருண்டையைக் கேமராவோடு வைப்பவர்கள் அதை உடனே எடுத்துவிடுங்கள். அதன் ஆவி லென்ஸில் படலமாகப் படியும்.

மொபைலில் எடுப்பவர்களுக்குச் சென்சார் தூசிக் கவலை கிடையாது. அது மூடிய பெட்டி. அவர்களின் எதிரி கன்னத்திலும் விரலிலும் இருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கு. சூரியனிலிருந்து நீளக் கோடாக ஒளி இழுபட்டால் காரணம் அதுதான். கண்ணாடித் துணியால் ஒருமுறை துடைத்து, திரையில் சூரியனுக்குப் பக்கத்து வானத்தைத் தொட்டு அழுத்திப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இறக்கிவிட்டு எடுங்கள்.

சர்வீஸுக்குக் கேமராவைக் கொடுக்கும்போது, முன்சொன்ன எஃப் 16 சோதனைப் படத்தை மெமரி கார்டில் வைத்துக் காட்டுங்கள். வேலை முடிந்து வாங்கும்போது அங்கேயே அதே அமைப்பில் இன்னொரு படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். அந்தப் படங்களை அன்றே அழித்துவிடாமல் தேதி போட்டுக் கணினியில் சேர்த்து வைத்தால், அடுத்த ஐப்பசியில் புதிதாக எது வந்திருக்கிறது என்பது அதே படத்தோடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.